ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள்

ஏரியை ஒட்டியிருந்த அந்த மடத்தில் பொழுது நடையோடுதான் விடியும். குரு வடிவம்மை முன்னால் நடப்பார். சீடர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கரையைச் சுற்றி வருவார்கள். நடக்கும்போது எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கேயும் நிற்கக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மூச்சுக்கு நல்லது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏகாம்பரம் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று மடத்தில் சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். காக்கியைக் கழற்றி வைத்தவரால் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை.

கரைச் சரிவில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான். கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். பார்த்ததும் மனம் குளிர்ந்தது. கூடவே வேலப்பனின் நினைப்பும் வந்தது.

வேலப்பன் மடத்துக்குப் புதியவன். முன்பு கண்ணி வைத்துக் காடை பிடித்து விற்றவன். வருகிற பௌர்ணமியன்று அவனுக்குத் தீட்சை கொடுப்பதாக இருந்தது.

அன்றிலிருந்து ஏகாம்பரம் கடைசி ஆளாக நடந்தார். முட்டைகள் கிடக்கும் இடம் வந்ததும் நிற்பார். குனிந்து, எண்ணிப் பார்த்துவிட்டு, ஓட்டமாகப் போய் வரிசையில் சேர்ந்துகொள்வார். தலைக்கு மேலே குருவிகள் கத்திக்கொண்டே சுற்றும். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். வேலப்பன் மட்டும் திரும்பியதே இல்லை.

திரும்பாதவனுக்குத்தான் இடம் தெரியும் என்று ஏகாம்பரம் கணக்குப் போட்டார்.

"ஏட்டையா, என் முதுகில அப்படி என்ன எழுதியிருக்கு?" என்று ஒருநாள் வேலப்பன் கேட்டான். "படிச்சு முடிச்சதும் எனக்கும் சொல்லுங்க."

"முட்டை பக்கம் போனியா?"

"எந்த முட்டை?"

இப்படிப் பட்டென்று பதில் சொல்பவர்களை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

மறுநாள் முட்டைகளைக் காணோம். ஓட்டுத் துணுக்குகூட இல்லை.

ஏகாம்பரம் நேரே குருவிடம் போனார்.

"அம்மா, அவனுக்குத் தீட்சை வேண்டாம். அனுப்பிவிடுங்கள்."

"அவன் எடுத்ததைப் பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை. ஆனால் அது கண்ணி வைத்த கை."

"இடம் யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை."

"அப்படியானால் அவனுக்கு எப்படித் தெரிந்தது?"

"அதைத்தான் அம்மா நானும் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்."

வடிவம்மை சிரிக்கவில்லை.

"நாளைக்கு நீங்கள் நடக்க வேண்டாம். ஆலமரத்தடியில் உட்கார்ந்து என்னைப் பாருங்கள்."

விடிந்ததும் ஏகாம்பரம் ஆலமரத்தடியில் போய் உட்கார்ந்தார். மறைந்திருந்து பார்ப்பது அவருக்குப் பழகிய வேலை. மடத்து வாசலில் வேலப்பன் பெருக்கிக்கொண்டிருந்தான். அவன்மேலும் ஒரு கண் வைத்துக்கொண்டார்.

குரு தனியாக நடந்து வந்தார். முட்டைகள் கிடந்த இடத்திலிருந்து வெகு தூரம் தள்ளி, புல்கூட முளைக்காத ஒரு சரிவில் நின்றார்.

அவர் நின்று ஏகாம்பரம் பார்த்ததே இல்லை. குரு குனிந்தார். தரையையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு நடந்து போய்விட்டார்.

ஏகாம்பரம் கழுத்தை நீட்டினார். அதற்குள் பனை உச்சியிலிருந்து ஒரு காக்கை இறங்கியது. குரு நின்ற இடத்துக்குத் தத்தித் தத்திப் போனது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கல்லை அலகால் புரட்டியது. இன்னொரு காக்கையும் வந்தது. இரண்டும் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பனைக்கே போய்விட்டன.

ஏகாம்பரம் எழுந்து அந்த இடத்துக்கு ஓடினார். தேடிப் பார்த்தார். கற்கள்தான் கிடந்தன.

குரு கரையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"இங்கே என்ன இருந்தது அம்மா?"

"ஒன்றுமில்லை."

"பிறகு காக்கை எதற்கு வந்தது?"

"நான் நின்றேன்."

வேலப்பனின் பெயர் ஏகாம்பரத்தின் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. அவர் அண்ணாந்து பனையைப் பார்த்தார்.

காக்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.