தலைவர் சுட்ட ஏழு குண்டு

சாத்தூர் பக்கம், காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கிகளுக்கென்று ஓர் ஏர்கன் கிளப் இருந்தது. அதன் தலைவர் தனசிங். சுடுவதற்கான அட்டையை மாற்றிக் கட்டுகிற வேலை மாரிக்கனிக்கு.

ஆண்டு விழாவன்று தலைவர் மைக்கைப் பிடித்து, "இந்தத் துப்பாக்கியை நானே பிரிச்சேன், நானே மாட்டினேன். மெக்கானிக் எவனும் தொடலை!" என்று மார்தட்டினார். பிறகு எல்லோரும் பார்க்க ஏழு முறை சுட்டார். அட்டையில் ஓர் ஓட்டைகூட விழவில்லை. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"ஏய் மாரிக்கனி! அட்டையை ஒழுங்கா கட்டத் தெரியாதா? நான் சுட்ட ஏழு குண்டும் இப்பவே என் கைக்கு வரணும். இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

அட்டைக்குப் பின்னால் தகரத் தடுப்பு, அதைச் சுற்றி முள்காடு. அங்கே ஈயக் குண்டைத் தேடுவது ஆகிற காரியமா? மாரிக்கனி அந்தப் பக்கமே போகவில்லை. துப்பாக்கியை வாங்கிக் குழாயை மடக்கித் திறந்தாள். நுனி வழியாக ஒரு கம்பியை விட்டு மெல்லத் தள்ளினாள். குழாயின் அடியிலிருந்து ஒரு குண்டு, கீழே வைத்திருந்த தட்டில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கூட்டம் மூச்சுவிடாமல் எண்ணியது. ஏழு!

"ஐயா குறி துளிகூடத் தப்பலை. ஏழும் ஒரே துளையிலதான் இருக்கு," என்றாள் பணிவாக. "உள்ள ரப்பர் வாஷரை மாட்ட மறந்துட்டீங்க போல. காத்து ஒழுகுது, குண்டு வெளிய வரலை."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பன்னெண்டு வருஷமா அந்தத் தகரத்துல குண்டு படுற சத்தம் கேக்குறேன்யா. இன்னிக்கு ஒரு தடவைகூடக் கேக்கலை."

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"நீங்களே மாட்டிக் கொடுங்கம்மா."