முதல் வரிக்குப் பின்னால்

கிளாட்சன் தன் குருவைத் தேடி வந்தபோது அவனுக்கு வயது நாற்பத்தாறு. குரு பிரகாசி டீச்சர் அவனைவிட நாலு வயது சின்னவள். தூத்துக்குடியில் கோயில் பாடற்குழுவைப் பழக்குகிறவள். தோற்றவன் வயது பார்த்தா குருவைத் தேடுவான்?

ஒரு காலத்தில் அதே ஊரில் கிளாட்சனும் செசிலும் ஒரு பாப் குழு வைத்திருந்தார்கள். கிளாட்சன் ஒரு வரி பாடுவான். செசில் பதில் வரி பாடுவான். கல்லூரிக்குக் கல்லூரி கூப்பிட்டார்கள். பெயர் வந்ததும் கிளாட்சனுக்குத் தலைகால் புரியவில்லை. இனி நான் தனி என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டான்.

பதினேழு வருடத்தில் தனியாக மூன்று ஆல்பம் போட்டான். மூன்றையும் சீந்துவாரில்லை. டிவி போட்டியில் ஒரு வருடம் நடுவராக உட்கார்ந்தான், அதுவும் போயிற்று. இப்போது கல்யாண வரவேற்புகளில், பந்திக்கு இடம் தேடுகிறவர்களுக்குப் பாடுகிறான். நாலாவது ஆல்பம் விழுந்தால் பாட்டையே விட்டுவிடுவதாக முடிவு.

"என் பாட்டுல என்ன குறை, டீச்சர்?"

டீச்சர் மூன்றையும் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு, "செசிலப் பாத்தீயளா?" என்றாள்.

கிளாட்சனின் முகம் சுருங்கியது. செசிலுக்குத் தொண்டையில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஆறு மாதமாகிறது. எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது?

"நான் பாட்டப் பத்திக் கேக்கேன், டீச்சர்."

"நானும் பாட்டப் பத்தித்தான் சொல்லுதேன். அவர்ட்ட போட்டுக் காட்டுங்க."

போனான். செசில் கட்டிலில் சாய்ந்திருந்தான். கழுத்தில் துளை, அதில் ஒரு குழாய். இவனைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் கிளாட்சனால் தாங்க முடியவில்லை.

போனில் முதல் ஆல்பத்தைப் போட்டான். முதல் வரி முடிந்தது. செசிலின் மார்பு உயர்ந்தது, உதடுகள் அசைந்தன. குழாய் வழியே வெறும் காற்று வந்தது. நாலு தாளம். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வரி தொடங்கியது.

அடுத்த பாட்டிலும் அதே இடத்தில் அதே காற்று.

"உங்க பாட்டு எதுன்னாலும் இப்படித்தாண்ணே," என்றாள் செசிலின் மனைவி ஜெசிந்தா. "குரல் இருந்தப்போ சத்தமாவே பாடுவாக. 'பாத்தியா, எனக்கு எடம் விட்டுருக்கான்'னு சொல்லுவாக."

கிளாட்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் யாருக்கும் இடம் விட்டதில்லை. அந்த நாலு தாளத்தில் புல்லாங்குழல் வைக்கலாமே என்று ஸ்டுடியோவில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒன்றும் வேண்டாம் என்று ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நின்றிருக்கிறான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. கேட்கிறவர்களுக்கு அது பாட்டில் விழுந்த ஓட்டை.

அதன்பின் தினமும் போனான். புதுப் பாட்டுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினான். ஒன்பதாம் நாள், முதல் வரிக்குப் பின்னால் காற்று வரவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக டீச்சரிடம் வந்தான்.

"குறை என்னன்னு தெரிஞ்சுபோச்சு, டீச்சர்."

"ம்."

"அந்த எடத்துல புல்லாங்குழல் வச்சிரட்டுமா?"

"வைக்கலாம்."

"வச்சா பாட்டு ஓடுமா?"

"ஓடினாலும் ஓடும்."

கிளாட்சன் வாய் திறந்து பாடிப் பார்த்தான். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. சின்னப் பிள்ளை போல அழுதான்.

"பதினேழு வருசம் தனியாப் பாடினவன்தான நான்? இன்னைக்கு மட்டும் ஏன் டீச்சர் முடியல?"

"நீங்க ஒருநாளும் தனியாப் பாடுனதில்ல," என்றாள் பிரகாசி டீச்சர். "இனிமேத்தான் தனி."