மேலே போக மறுத்த ஆமை

ஒரு குட்டித் தீவை ஒட்டிய பவளப்பாறையில் மினுக்கி என்றொரு கடலாமை இருந்தாள், அழுங்காமை இனம். அழகிதான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதை அவளே நாளுக்கு நாற்பது தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தினமும் காலையில் அங்கே ஒரு படகு வரும். கறுப்பு ரப்பர் உடை போட்ட மனிதர்கள் தொபுக்கடீர் என்று கடலில் குதிப்பார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு சிலிண்டர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா. பாறை நடுவில் தட்டையாக ஒரு மேடைக்கல் உண்டு. மினுக்கி அதன்மேல் ஏறி ஒரு பக்கமாகக் கழுத்தைச் சாய்ப்பாள். அவ்வளவுதான், எல்லா கேமராவும் அவள் பக்கம் திரும்பிவிடும்!

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. நடுநடுவே மூச்சு வாங்க மேலே போக வேண்டும். போய்த் திரும்புவதற்குள் பெருவாயன் என்ற களவா மீன் மேடைக்கல்லைப் பிடித்துவிடுவான். வாயை ஆவென்று பிளப்பான். குட்டி மீன்கள் உள்ளே புகுந்து அவன் பல்லைச் சுத்தம் செய்யும். மனிதர்கள் மினுக்கியை மறந்து அந்த வாயைப் படம் எடுப்பார்கள்.

"பல்லு விளக்குறதெல்லாம் ஒரு அழகா?" என்று மினுக்கி பொருமுவாள். வயிற்றெரிச்சல் தாங்காது அவளுக்கு.

ஒருநாள் அவள் கோபத்தோடு கடற்பஞ்சைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தாள். கீழே கொடுக்கன் என்ற நண்டு, சிதறும் துணுக்குகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். மூன்று வேளையும் அவனுக்கு அதுதான் சாப்பாடு. மினுக்கி மேலே போனால் சாப்பாடு நின்றுவிடும். அதனால் அவளை எப்படியாவது கீழேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டான்.

"அக்கா, நீ எதுக்கு மேல போற?" என்று கேட்டான்.

"இது என்ன கேள்வி? மூச்சு வாங்கத்தான்!"

"அந்த மனுசங்க நடுநடுவுல மேல போறாங்களா?"

மினுக்கி யோசித்தாள். "போறதில்லையே!"

"ஏன்? முதுகுல ஒண்ணு மாட்டியிருக்காங்கல்ல, அதுக்குள்ள காத்து இருக்கு. உன் முதுகுல என்ன இருக்கு?"

"ஓடு."

"எது பெருசு? அவங்களதா, உன்னதா?"

மினுக்கி தன் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். தெரியவில்லை. இன்னும் திரும்பினாள். மூன்று சுற்றுச் சுற்றியும் முதுகு பின்னாலேயேதான் இருந்தது. தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

"என்னதுதான் பெருசு!" என்று கத்தினாள். "அப்ப இத்தனை வருசமா நான் எதுக்குடா மேல போனேன்?"

"பழக்க தோஷம் அக்கா, பழக்க தோஷம்!" என்றான் கொடுக்கன்.

மறுநாள் காலை படகுச் சத்தம் கேட்டதும் மினுக்கி மேடைக்கல்லில் ஏறி நின்றாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இன்னிக்குக் கடைசி ஆள் படகு ஏறுற வரைக்கும் நான் மேல போக மாட்டேன்! போனா இந்த மேடைக்கல்லு பெருவாயனுக்கே!"

"உனக்கு என்ன கிறுக்கா?" என்றான் பெருவாயன்.

"உனக்குப் பொறாமை!" என்றாள் மினுக்கி.

ஆறு பேர் இறங்கினார்கள். மினுக்கி வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள், ஒரு துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். ஒரு கேமராகூட அவளை விட்டு நகரவில்லை. இதல்லவா வாழ்க்கை என்று பூரித்துப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகியது. மேலே போகவேண்டிய நேரம் வந்துவிட்டது. அவள் போகவில்லை. நெஞ்சு இன்னும் இறுகியது.

"டேய் கொடுக்கா, காத்து வரலியே!" என்று கல்லடியில் நின்ற நண்டிடம் கிசுகிசுத்தாள்.

"ஓட்டுலேர்ந்து வாய்க்கு வரணும்ல, நேரமாகும். கொஞ்சம் குலுக்கிப் பாரு!"

மினுக்கி உடம்பைக் குலுக்கினாள். ஆமை ஆடுகிறது என்று மனிதர்களுக்கு ஒரே குஷி. இன்னும் நெருங்கி வந்து படம் எடுத்தார்கள்.

"வரலைடா!"

"எங்கயோ அடைச்சிருக்கு. பாறையில தட்டிப் பாரு!"

டொக், டொக், டொக் என்று ஓட்டைப் பாறையில் மோதினாள். காற்று வரவில்லை. முதுகு வலிதான் வந்தது. கண் இருட்டியது. எதிரே ஒன்றுக்கு இரண்டு பெருவாயன்கள் தெரிந்தார்கள். ஒருத்தனையே சகிக்க முடியாதவளுக்கு இது பெரிய தண்டனை.

இரண்டு பெருவாயன்களும் ஒரே குரலில் கெஞ்சினார்கள். "மேல போ தாயி! எனக்கு மேடையும் வேணாம், ஒண்ணும் வேணாம்! செத்துப் போயிருவ!"

மினுக்கி பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பல் கிடையாது. இருந்தாலும் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மனிதர்களில் மூத்தவள் தன் இடுப்பருகே தொங்கிய, சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றை முள்ளால் காட்டும் கருவியைப் பார்த்தாள். கையை அசைத்தாள். ஆறு பேரும் மெல்ல மேலே கிளம்பினார்கள். மினுக்கிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான்!

ஆனால் ஸ்கூபா முங்குகிறவர்கள் ஒரே மூச்சில் மேலே போக மாட்டார்கள். ஆழத்தின் அழுத்தம் உடம்பை விட்டு இறங்க, பாதியில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அவர்களும் அப்படியே நின்றார்கள். சாவகாசமாக, கைகட்டிக்கொண்டு, குமிழி விட்டபடி நின்றார்கள்.

மினுக்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். "மேடையும் வேணாம், மண்ணும் வேணாம்!" என்று அலறிக்கொண்டு ஆறு பேருக்கும் நடுவே புகுந்து மேலே பாய்ந்தாள்.

புஸ்ஸ்ஸ்! தண்ணீருக்கு வெளியே தலை நீட்டி இழுத்தாள் பாருங்கள் ஒரு மூச்சு! அவள் ஆயுளில் அப்படி ஒரு சுகத்தை அனுபவித்ததில்லை. அழுகையே வந்துவிட்டது.

சற்று நேரத்தில் மனிதர்களும் மேலே வந்து படகில் ஏறினார்கள். முதல் வேலையாக முதுகில் இருந்த சிலிண்டரைக் கழற்றித் தடாலென்று வைத்தார்கள். "அப்பாடா, காத்து சுத்தமா காலி!" என்று நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்கள். மினுக்கி வாயைப் பிளந்தபடி பார்த்தாள். அவர்களும் மூச்சுக்கு மேலேதான் வர வேண்டுமா!

அவள் வெட்கத்தோடு கீழே இறங்கினாள். மேடைக்கல்லில் பெருவாயன் இருந்தான். "உசுரோட வந்தியே, அது போதும்!" என்று அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினான்.

கொடுக்கன் மட்டும் சலித்துக்கொண்டான். "அவசரப்பட்டுட்டியே அக்கா! இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா காத்து வந்திருக்கும்."

மினுக்கி அவனை உற்றுப் பார்த்தாள். "ஏன்டா, உன் முதுகுலயும் ஓடு இருக்கே. நீ என்னிக்காவது மூச்சு முட்டி நின்னிருக்கியா?"

"எனக்கு எதுக்கு முட்டணும்? நான்தான் செவுள்ல மூச்சு விடுறேனே! தண்ணியே எனக்குப் போதும்!" என்றான் கொடுக்கன் பெருமையாக.

மினுக்கி அன்றே தன் சாப்பாட்டை அடுத்த பாறைக்கு மாற்றிக்கொண்டாள்.

நமக்கு உயிர்மூச்சாக இருக்கும் ஒன்றை, அது தேவையே படாதவர் பேச்சைக் கேட்டு ஒருநாளும் விட்டுவிடக் கூடாது.