தலையணைக்கடியில் ஒரு செப்புக் கத்தி

காரைமலையை ஆண்ட வடமலைராயருக்கு வீரத்தில் ஒரு குறையும் இல்லை, பகலில். விளக்கணைந்த பிறகுதான் அவரைச் சுற்றி எதிரிகள் முளைத்தார்கள்.

இந்தச் சேதி சடையானந்தர் என்ற மந்திரவாதியின் காதுக்குப் போயிற்று. இப்படிப்பட்ட சேதிகள் இப்படிப்பட்டவர்களின் காதுக்குத்தான் முதலில் போகும். செம்பில் அடித்த ஒரு ஜோடிக் கத்திகளோடு அவர் வந்து சேர்ந்தார். இரும்பு உடம்பை வெட்டும், செம்பு கெட்டதை வெட்டும் என்றார். பேய், ஏவல், கண்ணேறு எதுவும் செம்பின் பக்கம் வராதாம். இதற்குக் கூர் வேண்டாம், சாணை பிடித்தால் சக்தி போய்விடுமாம். வெந்த கத்தரிக்காயை அறுக்கவே அந்தக் கத்திக்குச் சிரமம். அதனால் என்ன? ராஜாவுக்குத் துரோகம் நினைப்பவன் அருகில் வந்தால் கத்தி பச்சையாகிவிடும் என்று கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். ராஜா அதில் விழுந்தார்.

ஒரு கத்தி தலையணைக்கடியில் போயிற்று. மறுநாளே பச்சை பூத்தது. வெற்றிலை மடித்துக் கொடுப்பவனை நாடு கடத்தினார்கள். மறுபடி பச்சை. விசிறி வீசுகிறவள் எல்லையைத் தாண்டினாள். மறுபடியும் பச்சை. மிச்சமிருந்தவன் அறை வாசலில் நிற்கும் காவலன் இருளாண்டி. நாடு கடத்தி அலுத்துப்போன ராஜா, இந்த முறை தலையை எடுக்கச் சொன்னார்.

பயம் வந்துவிட்டால் மனிதன் ஏன் வாசலையே பார்க்கிறான் என்று நானும் யோசித்ததுண்டு. கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நானும் பார்த்ததில்லை.

இருளாண்டியின் மனைவி அழுதுகொண்டே ஓடி, எல்லையோரத்தில் இருந்த மருதப்பன் வீட்டில் போய் நின்றாள். மருதப்பன் அரசவையில் விகடம் பேசிப் பிழைப்பவன். அவன் சபைக்கு வந்து, கத்தியைப் பார்க்கலாமா என்று கேட்டான். அந்தப் பச்சைக் களிம்பு கத்தி முழுக்கப் பரவியிருக்கவில்லை. நாலு விரல் பட்ட இடத்தில் மட்டும் தடம் தடமாக ஏறியிருந்தது. மோந்து பார்த்தான். பிறகு ராஜாவின் நகங்களைப் பார்த்தான். அவை மஞ்சளாக இருந்தன.

"தலையை எடுங்கள் மகாராஜா, நான் குறுக்கே நிற்கவில்லை," என்றான். "அதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி. ஜோடியில் மற்றக் கத்தியை இருளாண்டியோடு கொட்டடியில் பூட்டுவோம். உங்கள் கத்தி உங்களோடு இருக்கட்டும். உங்கள் அறைக்குள் யாரும் வேண்டாம். வெளியே பூட்டிச் சாவியை நம் சடையானந்த சாமியின் மடியில் கட்டிவிடலாம்."

சடையானந்தர் ஒப்புக்கொண்டார். கொட்டடியில் ஈரம் அதிகம், களிம்பு தானாக ஏறிவிடும் என்று நினைத்திருப்பார்.

காலையில் இரண்டு கத்திகளும் சபைக்கு வந்தன. இருளாண்டியின் கத்தியில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ராஜாவின் கத்தி பச்சை.

மருதப்பன் கைகூப்பினான். "சாமி, துரோகியோடு படுத்த கத்தி மின்னுகிறது. ராஜாவோடு படுத்தது பச்சையாகிவிட்டது. சாவியோ உங்கள் மடியில். அறைக்குள் மகாராஜாவைத் தவிர ஒருவரும் இல்லை. அப்படியென்றால் மகாராஜாவுக்குத் துரோகி யார்? உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். கத்திதான் பொய் சொல்லாது அல்லவா?"

ராஜா மீசையைத் தொட்டார். பிறகு இடுப்பிலிருந்த வாளைத் தொட்டார். அது இரும்பு.

சடையானந்தர் அந்த வாளைப் பார்த்தார். உப்பும் புளிப்பும் பட்டால் செம்பில் களிம்பேறும், அது செம்பின் குணம், அதற்குத் துரோகி என்று தனியாக ஒருவன் வேண்டியதில்லை என்று தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

"என் படுக்கையறையில் உப்பும் புளிப்பும் எங்கிருந்து வரும்?" என்றார் ராஜா. கேட்ட உடனே கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அரண்மனை வைத்தியர் அதைப் பார்த்துவிட்டார். பித்தம் ஏறுகிறதென்று எலுமிச்சை ஊறுகாயை ராஜாவுக்கு விலக்கி வைத்தவர் அவர்தான். எழுந்து உள்ளே போனவர், கட்டிலுக்கடியிலிருந்த ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜாடியில் பாதி காலி.

முதலில் ராஜா சிரித்தார். அப்புறம்தான் சபை சிரித்தது. அந்த வரிசை முக்கியம்.

இருளாண்டி அவிழ்த்துவிடப்பட்டான். எல்லை தாண்டிய இருவருக்கும் ஆள் போயிற்று. அவர்கள் வரும் வழியிலேயே சடையானந்தரைப் போகச் சொன்னார்கள். வழியில் திருடர் பயம் உண்டே என்று அவர் கெஞ்சினார். பாதுகாப்புக்கு இருக்கட்டுமென்று இரண்டு செப்புக் கத்திகளையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

"உனக்கு என்ன வேண்டும், மருதப்பா?"

"விசாரணையே முடியவில்லையே, மகாராஜா. கத்தி காட்டிக்கொடுத்த துரோகி இந்த ஜாடிக்குள் அல்லவா இருக்கிறான்? எல்லோரையும் நாடு கடத்திவிட்டு இவனை மட்டும் விடலாமா?"

"கடத்திவிடு. எவ்வளவு தூரம்?"

"எல்லை வரைக்கும் போதும். அங்கேதான் என் வீடு. காவலில் வைத்துக்கொண்டு, தினமும் மத்தியானம் தயிர்சாதத்தோடு விசாரிக்கிறேன்."