மூன்று சட்டி உளுந்தங்களி

முன்னொரு காலத்திலே, சனிக்கிழமை வந்தால் ஊர் முழுக்க எண்ணெய் மணக்கிற ஒரு நாட்டிலே, சாப்பாட்டுப் பிரியனான ஒரு ராசா இருந்தான். அவன் அப்புறம் வரட்டும். முதலில் வடிவம்மையைப் பார்ப்போம்.

வடிவம்மை, செக்காட்டும் சடையனின் மனைவி. வாரத்தில் ஆறு நாள் செக்கு சுற்றும். சனிக்கிழமை மாட்டுக்கு ஓய்வு. அன்றைக்கு உறவும் சிநேகிதமுமாக இருபத்தைந்து பேர் அந்த வீட்டில் கூடுவார்கள். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், பெண்கள் காய் நறுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள், பொழுது சாயும்போது எல்லோரும் பசியோடு உட்காருவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் பசி எப்பேர்ப்பட்ட பசி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமையே வடிவம்மைக்குக் கை பரபரக்கும். மிளகு இடிப்பாள், கருணைக்கிழங்கு அவிப்பாள், கறுப்பு உளுந்தை வாசம் வர வறுத்துத் திரிப்பாள். அவள் கிண்டும் உளுந்தங்களிக்காகவே அடுத்த ஊரிலிருந்து நடந்து வருகிறவர்கள் உண்டு.

அப்படி ஒரு சனிக்கிழமை, அவளுடைய பெரிய பானை அடுப்பிலேயே விரிசல் விட்டு உடைந்தது. களி மொத்தமும் சாம்பலோடு போயிற்று. மிச்சம் இருந்தவை மூன்று சின்னச் சட்டிகள்.

“இந்தக் கூட்டத்தை நிறுத்திடலாம் வடிவு. பாதிப் பேருக்குப் போட்டு, பாதிப் பேரைப் பார்க்க வைக்கவா?” என்றான் சடையன். அவள் சாம்பலிலிருந்து பானை ஓடுகளைப் பொறுக்கினாள்.

அந்த வாரமே முரசு அறைந்தார்கள். ராசா மூன்று சனிக்கிழமை மூன்று வீடுகளில் சாப்பிடுவாராம். எந்த வீட்டு விருந்து உசத்தியோ, அந்த வீட்டுக்கு அரண்மனையின் வெண்கல அண்டா பரிசாம். அதற்குள் ஒரு கன்றுக்குட்டி காலை நீட்டிப் படுக்கலாம். வடிவம்மை ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள்.

முதல் சனிக்கிழமை முத்து வியாபாரி வீட்டில் பதினாறு வகைக் கறி. இரண்டாம் சனிக்கிழமை சேனாபதி வீட்டில் மூன்று வகைப் பாயசம். மூன்றாம் சனிக்கிழமை செக்கடி வீடு.

அன்றைக்கு மூன்று அடுப்பில் மூன்று சட்டி. கருப்பட்டிப் பாகு கொதிக்க, மாவைக் கொட்டியாயிற்று. இனி விடாமல் கிண்ட வேண்டும், விட்டால் கட்டி தட்டிவிடும். ஒரு சட்டியில் வடிவம்மை, ஒரு சட்டியில் நாத்தனார் குப்பாயி. மூன்றாவது சட்டிக்காரனான சடையனோ, ராசாவை எதிர்கொள்ளத் தெருமுனைக்குப் போனவன் போனவன்தான்.

ராசா வாசனை பிடித்துக் கொல்லை வழியாக வந்துவிட்டான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ சிநேகிதக்காரர் என்று நினைத்த வடிவம்மை, திரும்பிப் பார்க்காமலே, “சும்மா நிக்காம அந்தத் துடுப்பைப் பிடிச்சுக் கிண்டுங்க அண்ணே” என்றாள். ராசா பிடித்தான். கிண்டினான். வேர்த்து வழியக் கிண்டினான். அவள் திரும்பிப் பார்த்தபோது களி இறக்கும் பதத்துக்கு வந்திருந்தது. துடுப்போடு நின்றவர் ராசா! அவள் அவசர அவசரமாகச் சட்டியை இறக்கினாள்.

பெரிய வீடுகளில் செய்வதுபோல், எல்லோரும் சாப்பிட்டு எழும்வரை நின்று பரிமாற வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் களி யாருக்கும் காத்திருக்காதே. ஆறினால் இறுகிப்போகும். குப்பாயி எப்போதும்போல் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சட்டிகள் நடுவில், ராசாவோடு எல்லோரும் சுற்றி. களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் சபையில் ராசா மூன்று பெண்களிடமும் ஒரே கேள்வி கேட்டான்.

“உன் வீட்டு விருந்தில் எல்லோரும் எதைச் சொல்லிச் சிரித்தார்கள்?”

தான் அடுப்படியில் பதினாறாவது கறியைத் தாளித்துக்கொண்டிருந்ததாகவும், சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டதாகவும் வியாபாரியின் மனைவி சொன்னாள். தான் மூன்றாம் பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்ததாகச் சேனாபதியின் மனைவி சொன்னாள்.

வடிவம்மைக்குப் பதில் தெரியும். தெரிந்ததுதான் வம்பு. சொன்னால் சபை நடுவே ராசாவுக்கு அவமானம். தெரியாது என்றால் அண்டாவும் போச்சு, சனிக்கிழமையும் போச்சு. எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லலாம் என்றால், சாப்பிட்டவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க நாத்தனா தெரிஞ்சுக்கிட்டே ஒரு கேள்வி கேட்டா, மகாராசா. ‘அண்ணி, மூணாவது சட்டியைக் கிண்டினது யாரு, மாடு மிதிச்ச மண்ணு மாதிரி கட்டி கட்டியா இருக்கே’ன்னு கேட்டா. அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சோம்.”



“ஏழு கட்டி,” என்றான் ராசா. “நானே எண்ணினேன்.” சொல்லிவிட்டு, சிம்மாசனம் குலுங்கச் சிரித்தான். “முப்பது வருஷமாக விருந்து சாப்பிடுகிறேன் தாயே. சமைத்தவள் கூட உட்கார்ந்து சாப்பிட்டு, கூடவே சிரித்ததை நேற்றுத்தான் பார்த்தேன்.”

அண்டா மாட்டு வண்டியில் செக்கடிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை அதில் ஐம்பது பேருக்குக் களி கிண்டினார்கள். ராசாவும் அழையாமலே வந்து நின்றான். குப்பாயி அவன் கையில் துடுப்பைக் கொடுக்கவில்லை, அப்பளம் சுடச் சொன்னாள்.

ஆகவே, கேட்டவர்களே, சமைத்தவரும் கூட உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது விருந்து.