ஆவுடையப்பன் முடித்த கதை

பூவாளைப்பட்டியில் புத்திசாலிகளும் இருந்தார்கள். அவர்களால் இந்தக் கதைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நமக்கு வேண்டியவர்கள் நாலே பேர். முதலாவது, நாவலாசிரியர் ஆவுடையப்பன். மற்ற மூவர் அவருடைய வாசகர்கள்: டெய்லர் பிச்சையா, சுவரொட்டி ஒட்டும் மாசானம், ரைஸ் மில் சுப்புக்குட்டி. ஊரில் வேறு வாசகர்கள் கிடையாது.

ஆவுடையப்பன் பத்தொன்பது வருஷமாக ஒரே நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அதன் பெயர் ‘பஸ்’. கதாநாயகி கோசலை முதல் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். இரண்டாயிரமாவது பக்கத்திலும் அங்கேதான் நின்றாள். பஸ் வரவில்லை.

ஆவுடையப்பனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. ‘முற்றும்’ என்று ஒரு தடவையாவது தன் கையால் எழுதிவிட வேண்டும். மற்றவர்களின் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் விரலால் தடவிப் பார்ப்பார். அவர் மனைவி பிரமு இதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். “சாப்பாட்டைத் தவிர இவுக எதை முடிச்சிருக்காக?” என்று மட்டும் கேட்பாள்.

நாவலின் நகலை வாங்கிப் படித்த பதிப்பாளர் அருளானந்தம் ஒருநாள் கடிதம் போட்டார்.

“அன்புடையீர், அறுநூறு பக்கம் வரை படித்தேன். கால் வலிக்கிறது, கோசலைக்கு. நாவல் எழுதுகிறவர்கள் முதலில் சிறுகதை எழுதிப் பழகுவது நல்லது. வளவளப்பு குறையும். வேண்டாத ஆட்களை வெளியேற்ற மனசு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றை முடித்துப் பழகலாம். நாலு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வாசகர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் படித்து முடிக்க வேண்டும். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி உங்கள் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். அதற்குள் எழுதி வைத்தால் என் பத்திரிகையில் போடுகிறேன். பிறகு நாவலையும் பார்க்கலாம். இல்லாவிட்டால் நாவலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.”

மில்லில் கூட்டம் கூடியது. புதுக் கதை யோசிக்க நாள் போதாது, ‘பஸ்’ஸையே சிறுகதை ஆக்கிவிடலாம் என்று முடிவானது.

“மொதல்ல வேண்டாத ஆளை வெளியேத்தணும்” என்றார் பிச்சையா. “பஸ் ஸ்டாண்டுல சுண்டல் விக்கிற பெரியவரு எதுக்கு?”

“வேண்டாம்தான்” என்றார் ஆவுடையப்பன். “ஆனா பத்தொன்பது வருஷமா நிக்காரு. போங்கன்னு எப்படிவே சொல்லுவேன்? அவருக்கு என்ன வயசு!”

“ஒரு காப்பியாவது வாங்கிக் குடுத்துத்தான் அனுப்பணும்” என்றார் சுப்புக்குட்டி. “அதானே மரியாதை?”

அப்படியே ஆயிற்று. பெரியவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, குடும்பத்தை விசாரித்து, தெருமுனை வரை போய் வழியனுப்பியதில் நாற்பது பக்கம் கூடியது. இப்படிப் பதினோரு பேரை வெளியேற்றினார்கள். கண்டக்டரின் மச்சான் மட்டும் போகமாட்டேன் என்று அழுததால் அவரை வைத்துக்கொண்டார்கள். நாவல் இரண்டாயிரத்து நானூறு பக்கம் ஆனது.

“இனிமே இதை நாலு பக்கத்துல அடக்கணும்” என்றார் ஆவுடையப்பன். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

மாசானம் கடிதத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “பக்கம் எவ்வளவு பெருசுன்னு இதுல போடலியே அண்ணாச்சி?”

மூவரும் வாங்கிப் பார்த்தார்கள். போடவில்லைதான்.

மாசானம் சுவரொட்டித் தாள் இருபத்தினாலை ஒன்றோடு ஒன்று ஒட்டினார். “இப்ப இது எத்தனை பக்கம்?”

பிச்சையா இஞ்சு டேப்பால் அளந்து பார்த்துவிட்டு, “ஒண்ணு” என்றார்.

மில்லின் வெளிச்சுவரில் நாலு பக்கமும் ஒட்டப்பட்டன. கதைத் தலைப்புக்குக் கீழே ஒரு படம் போட முழம் அளவு இடம் விட்டுவிட்டு, ஆவுடையப்பன் ஏணியில் ஏறினார். பதினெட்டு நாள் இறங்கவில்லை. சாப்பாடு கயிற்றில் ஏறியது. பதினாலாம் தேதி சாயங்காலம், நாலாவது பக்கத்தின் கடைசி மூலையில், பஸ் வந்தது. கோசலை ஏறி உட்கார்ந்தாள். கீழே நின்ற மூவரும் கை தட்டினார்கள்.

ஆவுடையப்பன் மட்டும் ஏணியிலேயே நின்றார். “முற்றும் போட இடம் இல்லையே வே” என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

“இன்னொரு தாளு ஒட்டுவமா?” என்றார் சுப்புக்குட்டி.

“அஞ்சாவது பக்கம் ஆயிரும்.”

“சொவத்துல எழுதிருங்க.”

“சொவத்துல எழுதினா மில்லே ஒரு பக்கம் ஆயிரும்” என்றார் பிச்சையா. அது சரியென்றே எல்லாருக்கும் பட்டது.

வெகுநேரம் யோசித்த மாசானம் கையை நீட்டினார். “மேல, படம் போட விட்ட எடம் சும்மாதானே கெடக்கு?”

ஆவுடையப்பன் முதல் பக்கத்துக்கு ஏணியை நகர்த்தி, தலைப்புக்கும் தம் பெயருக்கும் கீழே ‘முற்றும்’ என்று எழுதினார். எழுதிவிட்டு அந்தச் சொல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தோஷம் தாங்காமல் ஏணியிலிருந்து விழுந்தார். அடி ஒன்றும் பலமில்லை.

மறுநாள் கல்யாணப் பந்தியில் இலை முன் உட்காரப்போன அருளானந்தத்தைக் கூட்டிவந்தார்கள். சுவரைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எறும்பு எறும்பாக எழுத்து.

“நாலே பக்கம்” என்றார் ஆவுடையப்பன், அடக்கமாக.

“இதை எப்படிங்க உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கிறது?”

“அதுக்கும் ஏற்பாடு இருக்கு” என்று சுப்புக்குட்டி நாற்காலியைக் கொண்டுவந்தார். அதன் கால்களோடு இரண்டு மூங்கில் கட்டியிருந்தது. அருளானந்தத்தை உட்காரவைத்து, எழுந்துவிடாதபடி இடுப்பைத் துண்டால் கட்டினார்கள். நாலு பேருமாகத் தோளில் தூக்கினார்கள்.

“நீங்க படிக்க படிக்க நாங்க நகருவோம். கீழ் வரிக்குக் குனிஞ்சுக்கிடுவோம். ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும், பயப்படாதிய.”

பந்தியில் பாயசம் போடும் சத்தம் கேட்டது. அருளானந்தம் பெருமூச்சோடு படிக்கத் தொடங்கினார். “பஸ். எழுதியவர் ஆவுடையப்பன். முற்றும்.”

நிறுத்தினார். மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது.

“முடிஞ்சிருச்சே! இறக்குங்க!”

“அதுக்குள்ளயா?” என்றார் பிச்சையா.

“முற்றும்னு போட்டிருக்கே! அதுக்கு அப்புறம் இருக்கிறது எல்லாம் வேண்டாதது, வெட்டிருங்க. இது அப்படியே பத்திரிகையில் வரும். இறக்குங்கய்யா!”

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார் மனிதர். அடுத்த மாதப் பத்திரிகையில், ஒரு மூலையில், கட்டம் கட்டி வந்திருந்தது: பஸ். ஆவுடையப்பன். முற்றும். மிச்சத் தாளெல்லாம் மில்லில் நெல் மூட்டைகளை மூடக் கிடந்தன.

ஆவுடையப்பன் பத்திரிகையில் வந்ததை நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்காமல் படித்து முடித்தார். கண்ணீர் வந்தது. பிரமுவும் வாங்கிப் படித்தாள். “நெசமாவே முடிச்சிட்டியளே!” என்றாள். அந்த வீட்டில் பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு குரல் கேட்டதில்லை.

“சிறுகதை எழுதினா நல்லதுன்னு சும்மாவா சொன்னாரு?” என்றார் ஆவுடையப்பன். “இப்ப நாவலுக்குக் கை தயார்.”

பார்க்க வந்திருந்த மாசானம்தான் பத்திரிகையை விடவில்லை. விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“ஆரம்பம் அருமை. முடிவும் அருமை. ஆனா அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்படாது... நடுவுலதான் கொஞ்சம் இழுக்கு.”

ஆவுடையப்பன் பத்திரிகையை வாங்கி நிதானமாகப் படித்துப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான் பட்டது. பேனாவை எடுத்துத் தம் பெயரை அடித்தார்.