ஐந்து மரத்து எருமை

ஏழு காடுகளுக்கு நடுவில் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் கரையை மாசானம் என்ற எருமை காத்து வந்தது. கரைக்கு வெளிப்பக்க மணலில் அங்கம்மா என்ற ஆமை பன்னிரண்டு முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

ஏரி எந்தக் காட்டுக்கும் தனிச்சொத்து இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஏழு காடுகளும் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தன. சபை இருந்தது தலைமைக் காட்டில். அதற்குத் தலைவர் ஒரு யானை. ஏரியிலிருந்து அங்கே பறந்து போகக் காகத்துக்கே ஒரு முழு நாள் ஆகும்.

முன்பு ஒரு காட்டுப்பன்றி, கரையில் இருந்த சின்ன ஓட்டையை அடைக்கிறேன் என்று தோண்டப்போய், அதைப் பெரிய உடைப்பாக்கிவிட்டது. சபை பயந்துபோய் ஒரு சட்டம் போட்டது. இனிமேல் ஓட்டையைக் கண்டால் கரைக்காவலர் கடிதம் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் அதைச் சரிபார்க்க வேண்டும். அனுமதி அதிகாரி மூன்று நாள் யோசித்து அனுமதி தர வேண்டும். மற்றவர்களின் குறை கேட்க ஒருவர். தப்பு நடந்தால் விசாரிக்க ஒருவர். ஐந்து பேருக்கும் ஐந்து மரத்தடிகளை ஒதுக்கினார்கள். வேறு யார் கரையைத் தொட்டாலும் குற்றம்.

நல்ல சட்டம்தான். ஒருவர் அவசரப்பட்டால் இன்னொருவர் தடுப்பார் என்று நினைத்துத்தான் போட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆள் வேண்டுமே. மேற்பார்வை பார்த்த கொக்கு வேறு ஏரிக்கு மாற்றலாகிப் போனது. அனுமதி கொடுத்துவந்த உடும்பு வயதாகி ஓய்வு பெற்றது. குறை கேட்ட முயலைச் சபை தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது. விசாரணைக்கு யாரையும் நியமிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் சபையிலிருந்து ஒரே வரிதான் வந்தது: "புது ஆள் வரும் வரை மாசானம் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கவும்." ஆறு மழைக்காலம் போனது. புது ஆள் வரவில்லை.

எருமை மேல் மழை பெய்தது போல என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் மாசானத்தைப் பார்த்ததில்லை. பாவம், அதற்கு எல்லாம் உறைக்கும். காலையில் கரையைச் சுற்றி நடக்கும். பிறகு ஐந்து மரத்தடியிலும் முறை வைத்து உட்காரும். பொழுது சாயும்போது அசைபோடக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடும்.

ஒரு காலையில் அங்கம்மா புளியமரத்தடிக்கு வந்தது. அது கரைக்காவலரின் மரம்.

"அண்ணே, எம் முட்டை இருக்கிற மணலு ஈரமாயிருக்கு. கரையில ஓட்டை விழுந்திருக்கு. என் காலு நுழையிற அளவுதான்."

மாசானம் போய்ப் பார்த்தது. நண்டு போட்ட வளை வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு மிதி மிதித்தால் அடைந்துவிடும்.

"இப்பவே மிதிச்சிரலாமே" என்றது அங்கம்மா.

"மிதிக்கலாம். அனுமதி இல்லாம மிதிச்சா அந்தப் பன்னிக்கு நடந்ததுதான் எனக்கும். பிள்ளை குட்டியோட காட்டை விட்டே துரத்துனாங்க."

"அப்ப நான் மண்ணைத் தள்ளி அடைச்சிக்கிறேன்."

"ஏழு காட்டுக்கும் பொதுக் கரை, தங்கச்சி. நீ தொட்டா அது பெரிய குத்தம். இரு, எழுதுறேன்."

ஒரு தேக்கிலையில், 'கரையில் ஓட்டை உள்ளது, அடைக்க அனுமதி வேண்டும்' என்று எழுதியது. இலையைக் கவ்விக்கொண்டு மருதமரத்தடிக்கு நடந்தது. அது மேற்பார்வையாளரின் மரம். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, இலையைப் பிரித்துப் படித்தது. முகம் சுளித்தது.

"என்னண்ணே?"

"ஓட்டை எவ்வளவு பெரிசுன்னு எழுதலியே. திருப்பித்தான் அனுப்பணும்."

"நீங்கதானே இப்பப் போய்ப் பார்த்தீங்க?"

"பார்த்தது கரைக்காவலரு. இங்க நான் மேற்பார்வையாளரு. கடிதத்துல இல்லாதது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நாளைக்குச் சபை கேட்டா என்ன சொல்லுவேன்?"

அங்கம்மா அதன் முகத்தை உற்றுப் பார்த்தது. எருமை விளையாடவில்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தது.

மறுநாள் புளியமரத்தடியில், ஓட்டை ஆமைக்கால் அளவு என்று எழுதியது. மருதமரத்தடிக்குக் கொண்டுபோய், மேற்பார்வையாளராகச் சரிபார்க்கக் கரைக்குப் போனது. அதற்குள் ஆமையே நுழையும் அளவுக்கு ஓட்டை வளர்ந்திருந்தது. அளவு பொருந்தவில்லை என்று கடிதம் திரும்பியது. மூன்றாம் நாள் மறுபடி அளந்து எழுதி, மறுபடி சரிபார்த்தார்கள். எழுதினார்கள், பார்த்தார்கள் என்று சொல்லிப் பழகிவிட்டது எனக்கும். எல்லாம் அந்த ஓர் எருமைதான்.

நான்காம் நாள் கடிதம் ஆலமரத்தடிக்குப் போனது. அனுமதி அதிகாரி யோசிக்க ஆரம்பித்தார்.

"மூணு நாளா எதை யோசிப்பீங்க, அண்ணே?"

"யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, அங்கம்மா. ஆனா மூணு நாள் ஆகணும்."

அந்த மூன்று நாளும் மாசானம் புல்லைத் தொடவில்லை. அடிக்கடி எழுந்து போய் ஓட்டையைப் பார்த்தது. ஒருமுறை காலைத் தூக்கிக்கூட விட்டது. துரத்தப்பட்ட பன்றியின் நினைப்பு வந்து, காலைக் கீழே வைத்துவிட்டது.

ஏழாம் நாள் காலை, 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதி இலையைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. பாதி வழியில் ஏரிப் பக்கம் பெரிய இரைச்சல் கேட்டது. இலையைப் போட்டுவிட்டு ஓடியது. கரை உடைப்பெடுத்துத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மாசானம் யாரையும் கேட்கவில்லை. உடைப்புக்குக் குறுக்கே தன் உடம்பையே கிடத்தியது. சேறு சேர்ந்து உடைப்பு அடைபட்டது. ஏரி பிழைத்தது.

வெளிப்பக்க மணல் போய்விட்டது. பன்னிரண்டு முட்டைகளும் அதோடு போய்விட்டன. இன்னும் மூன்று நாளில் பொரிந்திருக்கும்.

அங்கம்மா மெல்ல நடந்து வேப்பமரத்தடிக்கு வந்தது. அது குறை கேட்கும் மரம். உடம்பெல்லாம் சேறாக மாசானம் அங்கே வந்து உட்கார்ந்தது.

"குறை என்னன்னு சொல்லு" என்றது.

"எம் பிள்ளைங்க போயிருச்சுண்ணே. யாரு காரணம்னு ஒருத்தர் வாயால சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மாசானம் குறையை எழுதிக்கொண்டு அத்திமரத்தடிக்குப் போனது. அது விசாரணை மரம். அங்கே உட்கார்ந்து தன்னைத்தானே விசாரித்தது. கரைக்காவலர் அன்றைக்கே எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளர் ஒழுங்காகச் சரிபார்த்திருக்கிறார். அனுமதி அதிகாரி சொன்ன நாளில் அனுமதித்திருக்கிறார். ஆகவே யார் மீதும் தப்பில்லை என்று எழுதி முடித்தது.

நிமிர்ந்து பார்த்தால், எதிரே சேற்றுக்குள் அங்கம்மா முட்டை ஓடுகளைத் தேடிக்கொண்டிருந்தது. ஒன்றுகூட அகப்படவில்லை.

மாசானம் அந்த இலையைக் கிழித்துப்போட்டது. வேறோர் இலை எடுத்து எழுதியது. 'ஐந்து பேரும் நான்தான். முதல் நாளே ஒரு மிதி மிதித்திருக்கலாம். என்னைத் துரத்திவிடுவார்கள் என்று பயந்து மிதிக்கவில்லை. தப்பு என்னுடையது. என்னை நீக்கிவிடவும்.' அதை அங்கம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, சபைக்குக் கடிதம் கொண்டுபோகும் காகத்திடம் கொடுத்தது.

"நீங்களாவது சொன்னீங்களே" என்று அங்கம்மா அழுதது.

தலைமைக் காட்டுக்குப் போன கடிதம் யானை வாயில் போன கரும்பு என்பார்கள். ஆனால் இந்தத் தடவை ஒரு மாதத்தில் பதில் வந்தது. காகம் மரத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தது.

"விசாரணை ஏற்கப்பட்டது. தவறு செய்த எருமை மாசானம் இன்று முதல் எல்லாப் பதவிகளிலிருந்தும் நீக்கப்படுகிறது."

"அப்பாடா" என்றது மாசானம். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்தது. "இனி யாராவது ஒழுங்கான ஆள் வரும், அங்கம்மா."

"கொஞ்சம் பொறு, இன்னும் இருக்கு" என்று காகம் மேலே படித்தது. "புது ஆள் வரும் வரை, நீக்கப்பட்ட மாசானமே ஐந்து பொறுப்புகளையும் கூடுதலாகக் கவனிக்கவும். இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க, அனுமதிக்கு முன் யோசிக்கும் நாள் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்படுகிறது."

மாசானம் நீட்டிய காலை மடக்கிக்கொண்டது. காகம் பறந்து போனது.

அங்கம்மா கேட்டது. "அப்ப அடுத்த வருஷம் நான் எங்கண்ணே முட்டை வைக்கிறது?"

மாசானம் ஐந்து மரங்களையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த மரத்தடியில் போய் உட்கார வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

நீதி: ஆளைப் போடாமல் சட்டத்தை மட்டும் போட்டால், தப்பைத் தடுக்கவும் ஆள் இருக்காது, தப்புக்குப் பதில் சொல்லவும் ஆள் இருக்காது.